ஒரு பள்ளியின் மதிப்பெண் எதைச் சொல்கிறது? அமெரிக்கத் தொடக்கப்பள்ளிகளும் தரப்படுத்தப்பட்ட தேர்வுகளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் எல்லாக் குழந்தைகளும் ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் மாநிலத் தேர்வு எழுத வேண்டும் என்று 2002 ஜனவரியில் கையெழுத்தான ஒரு கூட்டாட்சிச் சட்டம் விதித்தது. மழலையர் வகுப்பில் தொடங்கிப் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிகிற அந்நாட்டுத் தொடக்கப்பள்ளியில் இத்தேர்வை எழுதுபவர்கள் மூன்று வகுப்பு மாணவர்கள் மட்டுமே என்றாலும், அவர்கள் பெறும் மதிப்பெண்ணே பள்ளி முழுமைக்குமான மதிப்பீடாகி, உள்ளூர் நாளிதழ்களிலும் வீடு விற்கும் இணையதளங்களிலும் இடம்பிடிக்கிறது. அந்த எண் ஆசிரியர்களின் உழைப்பைக் காட்டுகிறதா, பிள்ளைகளின் குடும்ப நிலையைக் காட்டுகிறதா, அல்லது அந்த ஆண்டு அந்த வகுப்பில் யார் யார் வந்து சேர்ந்தார்கள் என்ற தற்செயலைக் காட்டுகிறதா என்பது ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக ஆராயப்பட்டுவரும் கேள்வி. மூன்றும் அதில் கலந்திருக்கின்றன என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்த எண் எந்தச் சுமையைத் தாங்காதோ அந்தச் சுமையையே சட்டமும் சந்தையும் அதன்மீது ஏற்றிவந்திருக்கின்றன என்பதுதான் இந்த வரலாற்றிலிருந்து தெரியவருவது.

தரப்படுத்தப்பட்ட தேர்வு என்பது, எழுதுபவர் யாராக இருந்தாலும் வினாக்களின் தன்மை, கால அளவு, திருத்தும் முறை ஆகியவை மாறாமல் இருக்கும்படி முன்கூட்டியே வகுக்கப்பட்ட தேர்வு. ஒரு ஊர் மாணவரின் மதிப்பெண்ணை இன்னொரு ஊர் மாணவரின் மதிப்பெண்ணோடு ஒப்பிடலாம் என்ற நம்பிக்கைக்கு அந்த மாறாமையே அடிப்படை. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் இந்த வரையறைக்குள் அடங்கும். ஆனால் ஒரு முக்கியமான வேறுபாட்டை மறந்துவிட்டால் அமெரிக்க விவாதம் விளங்காது. பொதுத்தேர்வில் தவறினால் பாதிக்கப்படுபவர் மாணவர். அமெரிக்கத் தொடக்கப்பள்ளித் தேர்விலோ, மூன்றாம் வகுப்பு வாசிப்புக்குச் சில மாநிலங்கள் விதித்திருக்கும் நிபந்தனையைத் தவிர்த்துப் பார்த்தால், குழந்தைக்கு நேர்வது அநேகமாக ஒன்றுமில்லை. தண்டனையும் பாராட்டும் பள்ளிக்கே.

இந்த நோக்கம் புதிதன்று. 1845ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில், அதுவரை வாய்மொழியாக நடந்துவந்த ஆய்வுக்குப் பதிலாக அச்சிட்ட வினாத்தாளைக் கொடுத்து எழுத்துத் தேர்வு நடத்தப்பட்டபோதே, அதைத் தூண்டிய மாசச்சூசெட்ஸ் கல்வி வாரியச் செயலர் ஹொரேஸ் மானும் அவருடைய நண்பர் சாமுவேல் கிரிட்லி ஹோவும் எடைபோட விரும்பியது பிள்ளைகளை அல்ல, தங்களோடு முரண்பட்டு நின்ற பள்ளித் தலைமையாசிரியர்களை. முடிவுகள் மோசமாக இருந்தன. பள்ளிவாரியாக அவை அச்சேறின. இதற்கு நேர்மாறான இன்னொரு மரபும் உண்டு. அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் லிண்ட்குவிஸ்ட் 1935இல் தொடங்கிவைத்து, பின்னர் அயோவா அடிப்படைத் திறன் தேர்வு என்ற பெயரில் நாடெங்கும் பரவிய தேர்வின் நோக்கம், எந்தப் பிள்ளைக்கு எந்த இடத்தில் தடுமாற்றம் என்பதை வகுப்பாசிரியருக்குத் தெரிவிப்பது மட்டுமே. ஆசிரியருக்கு உதவும் கருவியாகத் தேர்வைக் கண்ட அயோவா மரபும் ஆசிரியரைக் கண்காணிக்கும் கருவியாகக் கண்ட பாஸ்டன் மரபும் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் பக்கம் பக்கமாக நடந்து, இறுதியில் பாஸ்டன் மரபே வென்றது.

அந்த வெற்றிக்குப் பணமே வழியமைத்தது. குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் 1965 ஏப்ரல் 11 அன்று, டெக்சாஸில் தாம் சிறுவனாகப் படித்த பள்ளியின் முன்பு, தமக்கு முதன்முதலில் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியையை அருகில் அமர்த்திக்கொண்டு கையெழுத்திட்ட தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டம், ஏழைக் குழந்தைகள் மிகுந்த பள்ளிகளுக்குக் கூட்டாட்சி நிதியை முதன்முறையாகப் பெருமளவில் கொண்டுசேர்த்தது. நிதி வந்தால் கணக்குக் கேட்கப்படும். செலவிட்ட பணத்தால் பிள்ளைகள் கற்றார்களா என்பதை நிறுவும் பொறுப்பும் கூடவே வந்தது. நாட்டின் கல்வித்தரம் சரிந்துவிட்டது என்று 1983இல் வெளிவந்த ஓர் அரசுக் குழுவின் அறிக்கை கிளப்பிய பதற்றம், அந்தக் கணக்கைத் தேர்வு மதிப்பெண்ணில் கேட்கும் வழக்கத்தை வலுப்படுத்தியது. ஜான்சனின் சட்டத்தைத் திருத்தி ஜார்ஜ் புஷ் 2002இல் கையெழுத்திட்ட 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' சட்டம் அதன் உச்சம்: 2014ஆம் ஆண்டுக்குள் நாட்டின் மாணவர்கள் நூற்றுக்கு நூறு பேரும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும், ஒவ்வோர் ஆண்டும் பள்ளி அதை நோக்கிப் போதிய முன்னேற்றம் காட்ட வேண்டும், இனம், வறுமை, உடல் அல்லது கற்றல் குறைபாடு, ஆங்கிலம் தாய்மொழி அல்லாமை என்று பிரிக்கப்பட்ட ஒவ்வொரு குழுவும் தனித்தனியே அதைக் காட்ட வேண்டும், தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் தவறினால் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றும் உரிமை பெற்றோருக்கு உண்டு, மேலும் தவறினால் தனிப்பயிற்சி, நிர்வாக மாற்றம் என்று நடவடிக்கைகள் கடுமையாகும். 2011ஆம் ஆண்டளவில் நாட்டின் பள்ளிகளில் ஏறக்குறைய பாதி இந்த இலக்கைத் தவறவிட்டிருந்தன. ஏறக்குறைய பாதிப் பள்ளிகளைத் தவறியவை என்று முத்திரை குத்தும் ஓர் அளவுகோல், நல்ல பள்ளியையும் மோசமான பள்ளியையும் பிரித்துக்காட்டும் வேலையை ஏற்கெனவே கைவிட்டுவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

பள்ளியின் எண் உருவாகும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன்தரும். கலிஃபோர்னியாவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை கணினியில் எழுதும் ஆங்கிலத் தேர்வில், சரியாக விடையளித்தால் அடுத்த வினா கடினமாகவும் தவறினால் எளிதாகவும் வரும். எந்தக் கடினத்தில் எத்தனை வினாக்கள் சரி என்பதைக் கொண்டு அளவுகோல் மதிப்பெண் எனப்படும் நான்கிலக்க எண் கணக்கிடப்படும். அந்த எண் 2432 ஆனால் பிள்ளை தரத்தை எட்டியவர். 2431 ஆனால் எட்டாதவர். 2367க்குக் கீழே ஒரு நிலை, 2490 முதல் மேலே ஒரு நிலை என்று மொத்தம் நான்கு நிலைகள் இருந்தாலும், பொதுவெளியில் பேசப்படுவது 2432 என்ற கட்-ஆஃபைத் தாண்டியவர்களின் விழுக்காடுதான். ஓராண்டு உழைப்பால் ஒரு பிள்ளையை 2300இலிருந்து 2420க்குக் கொண்டுவந்த ஆசிரியரால் அந்த விழுக்காடு அணுவளவும் அசையாது; எல்லைக்கோட்டின் கீழே நின்ற ஒருவரை இரண்டு புள்ளிகள் தள்ளிவிட்டவரால் அசையும். கலிஃபோர்னியா இதை உணர்ந்து, எல்லைக்கோட்டிலிருந்து மாணவர்கள் சராசரியாக எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்பதையே பள்ளிகளின் அதிகாரபூர்வ மதிப்பீட்டுக்குக் கொள்கிறது. ஆயினும் செய்தித் தலைப்புகள் இன்னும் விழுக்காட்டையே விரும்புகின்றன.

விழுக்காட்டைத் துரத்திய பள்ளிகளில் என்ன நடந்தது என்பதற்கு இரண்டு ஆய்வுகள் சான்று. டெக்சாஸில் ஒரு தொடக்கப்பள்ளியை உள்ளிருந்து கவனித்து ஜெனிஃபர் பூஹர்-ஜென்னிங்ஸ் 2005இல் வெளியிட்ட கட்டுரை, மாணவர் பட்டியலில் எப்படியும் தேறுபவர், சற்று உந்தினால் தேறுபவர், என்ன செய்தாலும் தேறாதவர் என்று மூன்று வண்ணங்கள் பூசி, நடுவில் நின்றவர்களுக்கே கூடுதல் நேரத்தை ஒதுக்கச் சொன்ன நடைமுறையை விவரித்தது. சிகாகோ நகரத் தேர்வுகளை ஆராய்ந்த டெரெக் நீலும் டயான் விட்மோர் ஷான்சென்பாக்கும் 2010இல் எண்களின் வழியே அதே இடத்துக்கு வந்துசேர்ந்தார்கள்: தண்டனை பூண்ட தேர்வு முறை வந்தபின் நடுவரிசைப் பிள்ளைகளின் மதிப்பெண் ஏறியது, வரிசையின் கடைசியில் நின்றவர்களுக்குப் பலன் கிட்டியதற்கான அடையாளம் இல்லை.

மதிப்பெண்ணில் குடும்பத்தின் பங்கு பற்றிய விவாதம் 1966ஆம் ஆண்டின் கோல்மன் அறிக்கையிலிருந்து தொடங்குகிறது. ஆறு லட்சம் அளவிலான மாணவர்களைக் கொண்ட அந்த ஆய்வைச் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் நடத்தியபோது, கறுப்பினப் பள்ளிகளுக்கும் வெள்ளையர் பள்ளிகளுக்கும் இடையே கட்டடம், நூலகம், செலவு ஆகியவற்றில் உள்ள ஏற்றத்தாழ்வே மதிப்பெண் வேறுபாட்டுக்குக் காரணம் என்று தெரியவரும் எனப் பலரும் எதிர்பார்த்தார்கள். தெரியவந்ததோ, அந்த வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியும் உடன்படிக்கும் பிள்ளைகளின் பின்னணியும் மதிப்பெண்ணை மிக வலுவாக விளக்குகின்றன என்பது. இதைப் பள்ளியால் ஒன்றும் ஆகாது என்று வாசித்தவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்த வாசிப்பு தவறானது. ஒரு குறிப்பிட்ட நாளில் பிள்ளை நிற்கும் உயரம் ஒன்று, ஓராண்டில் அப்பிள்ளை ஏறிய தூரம் மற்றொன்று. முதலாவது, பிறந்ததிலிருந்து வீட்டில் கேட்ட சொற்கள், கிடைத்த உணவு, முன்பள்ளி வாய்ப்பு எல்லாவற்றின் திரட்டு. இரண்டாவதில்தான் பள்ளியின் கைவண்ணத்தைத் தேட முடியும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் இந்த வேறுபாட்டைப் பெரும் அளவில் நிறுவினார். உள்ளூர் வாரியத்தின் கீழ், ஒரு பகுதி உள்ளூர்ச் சொத்துவரியில் இயங்கும் நிர்வாக அலகுக்குப் பள்ளி மாவட்டம் என்று பெயர். அத்தகைய ஏறத்தாழ 11,000 மாவட்டங்களின் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான தேர்வு முடிவுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து பார்த்தபோது, சராசரி மதிப்பெண் அந்தந்த ஊரின் பொருளாதார நிலையோடு நெருக்கமாகப் பிணைந்திருந்தது. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மாணவர் பெற்ற வளர்ச்சிக்கும் ஊரின் செழிப்புக்கும் இருந்த தொடர்பு மெலிதானது. வறுமைக்கும் வன்முறைக்கும் பெயர்போன சிகாகோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 2009 முதல் 2014 வரையிலான தரவுகளின்படி, அங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளை நாட்டின் சராசரிக்கு வெகுவாகப் பின்தங்கியிருந்தாலும், எட்டாம் வகுப்பை எட்டும் ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுகளுக்கு இணையான வளர்ச்சியைப் பெற்றிருந்தது. உயரத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்குச் சிகாகோவின் பள்ளிகள் தோல்வி. வளர்ச்சியைப் பார்ப்பவருக்கு நாட்டின் பெருநகரங்களில் அவை முன்வரிசை.

வீட்டுச் சந்தை பார்ப்பது உயரத்தைத்தான். சாண்ட்ரா பிளாக் 1999இல் வெளியிட்ட ஆய்வு, பாஸ்டன் புறநகர்களில் தொடக்கப்பள்ளி எல்லைக்கோட்டின் இருபுறமும் அருகருகே இருக்கும் வீடுகளின் விலையை ஒப்பிட்டு, பள்ளியின் மதிப்பெண் 5 விழுக்காடு கூடுதலாக இருந்தால் வீட்டுக்குப் பெற்றோர் ஏறக்குறைய 2.5 விழுக்காடு அதிகம் கொடுக்கிறார்கள் என்று கணித்தது. வாங்கத் திறனுள்ளவர் அங்கே குடியேறுகிறார், அவர் பிள்ளையின் மதிப்பெண் பள்ளியின் எண்ணை மேலும் உயர்த்துகிறது, உயர்ந்த எண் விலையை மேலும் ஏற்றுகிறது. பள்ளிகளுக்கு 1 முதல் 10 வரை மதிப்பிடும் கிரேட்ஸ்கூல்ஸ் போன்ற தளங்கள் அண்மைக் காலத்தில் வளர்ச்சிக்கும் இடம் கொடுக்கத் தொடங்கியிருக்கின்றன. கலிஃபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களுக்கும் அந்த எண் நன்கு பழகியதே. அதைப் பார்த்து வீடு எடுப்பவர், பெரும்பாலும், அக்கம்பக்கத்தாரின் வருமானத்தையே விலை கொடுத்து வாங்குகிறார்.

அப்படியானால் வளர்ச்சியை அளந்துவிட்டால் போதுமே என்று தோன்றலாம். ஒரு பள்ளி மாவட்டத்துக்கு அது பொருந்தும். ஒற்றைத் தொடக்கப்பள்ளிக்கு வரும்போது எண்ணிக்கை இடறுகிறது. தாமஸ் கேனும் டக்ளஸ் ஸ்டெய்கரும் 2002இல் வட கரோலினா தரவுகளை வைத்து எழுதிய கட்டுரை, இந்தத் துறையில் அதிகம் படிக்கப்பட வேண்டிய, ஆனால் சட்டமியற்றுவோர் அதிகம் பொருட்படுத்தாத ஆக்கம். சராசரித் தொடக்கப்பள்ளியில் ஒரு வகுப்புநிலையில் 68 மாணவர்களே இருக்கிறார்கள் என்று அவர்கள் காட்டினார்கள். இதன் பொருளைக் கையால் கணக்கிட்டே அறியலாம். ஒரு பள்ளியின் கற்பித்தல் தரம் சற்றும் மாறாமல், அதன் மாணவர்களில் நெடுங்கால அளவில் 60 விழுக்காட்டினர் தேர்ச்சி பெறும் நிலையில் இருப்பதாகக் கொண்டால், 68 பேர் கொண்ட ஓர் ஆண்டில் சுமார் 41 பேர் தேற வேண்டும். ஆனால் நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் எப்போதும் சரியாக ஐந்து முறை தலை விழுவதில்லை என்பதுபோல, எந்தக் குடும்பங்கள் அந்த ஆண்டு குடிவந்தன, கெட்டிக்காரப் பிள்ளைகள் எத்தனை பேர் ஒரே ஆண்டில் பிறந்தார்கள் என்பன போன்ற தற்செயல்களால் இந்த எண்ணிக்கை நான்கு பேர் அளவுக்கு இப்படியும் அப்படியும் போவது இயல்பு. அதாவது விழுக்காட்டில் ஏறத்தாழ 6 புள்ளிகள். இரண்டு ஆண்டுகளின் வேறுபாட்டைப் பார்த்தால் இரு ஆண்டுகளின் ஆட்டமும் கூடி 8 புள்ளிகளைத் தாண்டும். போன ஆண்டு 56, இந்த ஆண்டு 64 என்று உயர்ந்ததற்காகத் தலைமையாசிரியர் பாராட்டப்படுவதும், மறு ஆண்டு 57க்கு இறங்கியதற்காகக் கண்டிக்கப்படுவதும், அப்பள்ளியில் எதுவுமே மாறாதபோதும் நடக்கக்கூடியவை.

தேர்வு நாளின் தொந்தரவுகள் தனி. காய்ச்சல் பரவிய வாரமும் வகுப்பையே கெடுக்கும் ஒரு குறும்புக்காரப் பிள்ளையும் ஒரு பள்ளியின் ஓராண்டுப் பெயரைத் தீர்மானித்துவிட முடியும். சிறிய பள்ளிகளில் இந்த ஆட்டம் பெரிது என்பதால், வட கரோலினா மாநிலத்தின் முதல்தரப் பட்டியலிலும் கடைசிப் பட்டியலிலும் சிறிய பள்ளிகளே மிகுந்திருந்தன. அதைக் கண்டு சிறிய பள்ளிகளே சிறந்தவை என்று முடிவுகட்டியவர்கள் பட்டியலின் மறுமுனையைப் பார்க்கவில்லை. 2002ஆம் ஆண்டுச் சட்டம் குழுவாரியாக முன்னேற்றம் கேட்டது இதை இன்னும் மோசமாக்கியது. ஒரே இனப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி தாண்ட வேண்டிய தடைகள் சில. பல இனத்தவரும் பல மொழியினரும் கலந்து படிக்கும் பள்ளிக்குத் தடைகள் பல, ஒவ்வொரு குழுவிலும் ஆட்கள் குறைவு, ஆட்டம் அதிகம், எங்காவது ஒன்றில் இடறும் வாய்ப்பும் அதிகம். பாகுபாட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவர எழுந்த விதி, கலந்து படிக்கும் பள்ளியையே முதலில் தண்டித்தது.

தற்செயல் ஒருபுறமிருக்க, வேண்டுமென்றே வரும் ஏற்றமும் உண்டு. சமூக முடிவுகளுக்கு ஓர் எண்ணை எவ்வளவு அதிகம் பயன்படுத்துகிறோமோ அவ்வளவுக்கு அந்த எண்ணும், அது அளக்க வந்த செயலும் திரிந்துபோகும் என்று உளவியலாளர் டொனால்டு கேம்பெல் 1976இல் எழுதியதற்குத் தேர்வுகளே முதன்மையான சான்றாயின. மேற்கு வர்ஜீனியா மருத்துவர் ஜான் கேனல் 1987இல் எல்லா மாநிலங்களின் முடிவுகளையும் தொகுத்தபோது, ஐம்பது மாநிலங்களும் தொடக்கப்பள்ளி மதிப்பெண்ணில் நாட்டின் சராசரிக்கு மேலே இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தன; கணக்குப்படி நடக்கவே முடியாத ஒன்று. ஒப்பிடுவதற்கான சராசரி பல ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்டது என்பதும், அதே வினாத்தாள் ஆண்டுதோறும் வந்ததால் பள்ளிகள் அதற்கேற்பப் பழகியிருந்தன என்பதும் விளக்கங்கள். டேனியல் கோரெட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1991இல் இதை நேரடியாகச் சோதித்தார்கள். ஒரு மாவட்டம் தன் தேர்வை வேறொரு நிறுவனத்தின் தேர்வுக்கு மாற்றியதும் மூன்றாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண் ஏறத்தாழ அரையாண்டுப் படிப்பின் அளவுக்குச் சரிந்து, நான்கு ஆண்டுகளில் மீண்டும் பழைய உயரத்துக்கு வந்தது. அப்போது பழைய தேர்வைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தால், அதில் மதிப்பெண் விழுந்திருந்தது. பிள்ளைகள் கற்றது கணக்கைவிட அந்தந்தத் தேர்வை.

இதற்கு அடுத்த படி மோசடி. சிகாகோவின் 1993 முதல் 2000 வரையிலான விடைத்தாள்களை பிரையன் ஜேக்கபும் ஸ்டீவன் லெவிட்டும் கணினியில் ஆராய்ந்த முறை கவனிக்கத்தக்கது. ஒரு வகுப்பின் மதிப்பெண் ஓராண்டில் திடீரென்று எகிறி அடுத்த ஆண்டு அதே பிள்ளைகளிடம் காணாமற்போகிறதா, எளிய வினாக்களில் தவறிய பிள்ளைகள் பலரும் கடினமான வினாக்களில் ஒரே வரிசை விடைகளைத் தந்திருக்கிறார்களா என்று இரண்டு தடயங்களை அவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். ஆண்டுதோறும் குறைந்தது 4 முதல் 5 விழுக்காடு தொடக்கப்பள்ளி வகுப்புகளில் ஆசிரியரோ நிர்வாகியோ கைவைத்திருக்கிறார் என்பது கணிப்பு. 2002இல் ஐயத்துக்குரிய வகுப்புகளுக்குக் கண்காணிப்போடு மறுதேர்வு நடத்தியபோது அவற்றின் மதிப்பெண் ஒரு வகுப்புநிலைக்கும் அதிகமாக வீழ்ந்தது. அட்லாண்டாவில் நடந்தது இதனினும் பெரிது. ஓ.எம்.ஆர். தாளில் தவறான வட்டம் அழிக்கப்பட்டுச் சரியான வட்டம் நிரப்பப்பட்ட இடங்களை எந்திரம் எண்ணியதில், 2009ஆம் ஆண்டுத் தேர்வில் சில வகுப்புகளின் அழிப்புகள் தற்செயலாக நிகழச் சாத்தியமே இல்லாத அளவில் இருந்தன. மாநில அரசின் விசாரணை 2011இல் ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44இல் மோசடியை உறுதிசெய்து 178 கல்வியாளர்களின் பெயரைக் குறிப்பிட்டது; ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் வார இறுதியில் ஒரு வீட்டில் கூடி விடைத்தாள்களைத் திருத்தியிருந்தார்கள். கும்பல் குற்றங்களுக்கான சட்டத்தின் கீழ் 2015இல் பதினொரு பேர் தண்டிக்கப்பட்டார்கள். குற்றம் குற்றமே. ஆனால் அங்கே அழிக்கப்பட்டது உதவி தேவைப்பட்ட பிள்ளைகளை அடையாளம் காட்டியிருக்கக்கூடிய தடயம் என்பது தண்டனைச் செய்திகளில் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

சட்டத்துக்குட்பட்ட சாமர்த்தியங்களும் உண்டு. நடவடிக்கையை எதிர்நோக்கிய வர்ஜீனியா மாவட்டங்கள் தேர்வு நாட்களில் மட்டும் மதிய உணவின் கலோரியைக் கூட்டியதை டேவிட் ஃபிக்லியோவும் ஜோஷுவா வினிக்கியும் 2005இல் உணவுப் பட்டியல்களை வைத்தே காட்டினார்கள். சத்துணவுத் திட்டத்தின் வரலாற்றை அறிந்த தமிழ் வாசகருக்கு, உணவு படிப்பைத் தாங்கும் என்பதில் வியப்பிருக்காது. தேர்வு முடிந்த மறுநாள் அது குறைந்ததுதான் வியப்பு. பாடவேளையும் குறுகியது. அறிவியல், சமூக அறிவியல், ஓவியம் ஆகியவற்றின் நேரத்தைக் குறைத்து வாசிப்புக்கும் கணக்குக்கும் கொடுத்த தொடக்கப்பள்ளிகள் பல. வாசிப்பைப் பொறுத்தவரை இது தன் காலைத் தானே வெட்டிக்கொள்வது. டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 1988இல் நடத்திய சோதனையில், பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பத்தியை, ஆட்டம் நன்கு தெரிந்த, ஆனால் வாசிப்பில் பின்தங்கிய மாணவர்கள், வாசிப்பில் தேர்ந்த, ஆனால் ஆட்டம் தெரியாத மாணவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். உலகத்தைப் பற்றிய அறிவு வாசிப்பின் பாதி என்றால், அறிவியல் வேளையைப் பறித்து வாசிப்பு மதிப்பெண்ணை நெடுநாள் உயர்த்த முடியாது.

மதிப்பெண்ணை உண்மையாகவே உயர்த்திய முயற்சிகள் அரியவை, ஆனால் இருக்கின்றன. டென்னசி மாநிலம் 1985 முதல் 1989 வரை 79 பள்ளிகளில் ஏறத்தாழ 11,600 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் 13 முதல் 17 பேர் கொண்ட சிறு வகுப்புகளுக்கும் 22 முதல் 25 பேர் கொண்ட வழக்கமான வகுப்புகளுக்கும் பிரித்து நடத்திய சோதனையில், சிறு வகுப்புப் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். கறுப்பினக் குழந்தைகளும் ஏழைக் குழந்தைகளும் கூடுதலாக. அதைப் பார்த்து 1996இல் மாநிலம் முழுவதும் ஒரே வீச்சில் வகுப்புகளைச் சுருக்கிய கலிஃபோர்னியா, பயிற்சியில்லாத ஆசிரியர்களை ஆயிரக்கணக்கில் அமர்த்த நேர்ந்ததால், அதே பலனைக் காண முடியவில்லை.

அண்மைக் காலத்தில் அதிகம் பேசப்படுவது மிசிசிப்பி. கூட்டாட்சி அரசு 1969 முதல் நடத்திவரும் தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீடு, மாதிரியாகத் தேர்ந்த மாணவர்களுக்கு மட்டும் வைக்கப்படுவது; எந்தப் பள்ளியின் பெயரும் அதில் வெளிவராது என்பதால் அதை ஏமாற்ற யாருக்கும் காரணமில்லை. அதில் 2013இல் நான்காம் வகுப்பு வாசிப்பில் 49ஆம் இடத்தில் 209 புள்ளிகளோடு நின்ற மிசிசிப்பி, 2019இல் 219 பெற்று நாட்டின் சராசரியைத் தொட்டது. 2024இல் நாடு 214க்கு இறங்கியபோதும் 219இல் நின்று 9ஆம் இடம் பிடித்தது. 2013இல் இயற்றிய சட்டத்தின் கீழ், எழுத்தையும் ஒலியையும் இணைத்து முறையாகப் படிக்கக் கற்பிக்கும் பயிற்சி ஆசிரியர்களுக்குத் தரப்பட்டது. பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்கள் அனுப்பப்பட்டார்கள். மூன்றாம் வகுப்பில் வாசிக்க இயலாத பிள்ளை அதே வகுப்பில் நிறுத்தப்பட்டது. இந்தக் கடைசி விதியை வைத்தே ஐயம் எழுப்பப்படுகிறது: பலவீனமானவர்களை ஓராண்டு தாமதித்து அனுப்பினால் நான்காம் வகுப்பின் சராசரி தானாகவே ஏறுமே என்று. அந்த வாதத்தில் உண்மை உண்டு, முழு உண்மை இல்லை. நிறுத்திவைக்கும் வழக்கம் சட்டத்துக்கு முன்பே அம்மாநிலத்தில் மிகுதியாக இருந்தது, நிறுத்தப்பட்ட பிள்ளையும் அடுத்த ஆண்டு அதே தேர்வுக்கு வந்துசேர்கிறது. பயிற்சி, பயிற்றுநர், நிறுத்தம் ஆகிய மூன்றில் எது எவ்வளவு பலன் தந்தது என்று பிரித்துச் சொல்வதே கடினம். நிறுத்தம் என்ற பகுதியை மட்டும் நகலெடுக்கும் மாநிலத்துக்கு அதே முடிவு கிட்டும் என்று நம்ப இடமில்லை.

2015இல் ஒபாமா கையெழுத்திட்ட புதிய சட்டம் ஆண்டுத் தேர்வை வைத்துக்கொண்டு, தண்டிக்கும் அதிகாரத்தின் பெரும்பகுதியை மாநிலங்களிடம் திருப்பிக் கொடுத்தது. அதே ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் ஐந்தில் ஒரு மாணவரைப் பெற்றோர் தேர்வுக்கு அனுப்ப மறுத்திருந்தார்கள். பல மாநிலங்கள் வளர்ச்சியையும் வருகையையும் கணக்கில் சேர்த்தன. ஃபுளோரிடா 2022-23 முதல் ஆண்டு இறுதித் தேர்வுக்குப் பதிலாக ஆண்டுக்கு மூன்று முறை நடக்கும் தேர்வுக்கு மாறியது. முடிவுகள் பள்ளி மூடிய பிறகு வருகின்றன என்ற பழைய குறையை இது தீர்க்கும். ஒரு வகுப்பில் 68 பேரே இருக்கிறார்கள் என்ற குறையைத் தீர்க்காது. அதற்குக் கேனும் ஸ்டெய்கரும் சொன்ன வழி, பல ஆண்டுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பது. ஆனால் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு சொல்லப்படும் தீர்ப்பில் அரசியலுக்கு அவ்வளவு ஆர்வம் இருப்பதில்லை.

தேர்வின் அழுத்தத்தில் வந்த இந்தத் தளர்ச்சி நல்லதா என்ற கேள்விக்கு எண்கள் சங்கடமான விடையைத் தருகின்றன. தாமஸ் டீயும் பிரையன் ஜேக்கபும் 2011இல் காட்டியபடி, 2002ஆம் ஆண்டுச் சட்டம் அதன் எல்லாக் கோணல்களோடும் தேசிய மதிப்பீட்டில் நான்காம் வகுப்புக் கணக்கை மெய்யாகவே உயர்த்தியிருந்தது. வாசிப்பில் அதனால் பலன் தெரியவில்லை. கணக்கின் சராசரி 2000இல் 226, 2013இல் 242. அந்த ஏற்றத்தில் வரிசையின் கடைசிப் பிள்ளைகளுக்கும் பங்கிருந்தது. அதன்பின் ஏற்றம் நின்று, கடைசியில் நின்ற பத்தில் ஒரு பங்குப் பிள்ளைகளின் மதிப்பெண் பெருந்தொற்றுக்குப் பல ஆண்டுகள் முன்பே இறங்கத் தொடங்கிவிட்டது; 2020க்கும் 2022க்கும் இடையே ஒன்பது வயதினரின் கணக்கு 7 புள்ளிகளும் வாசிப்பு 5 புள்ளிகளும் விழுந்தபோது, கடைசி வரிசையின் வீழ்ச்சி மேலும் ஆழமாயிற்று. தேர்வின் அழுத்தம் தளர்ந்த காலமும் இந்தச் சரிவின் காலமும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் தளர்ச்சியைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. 2008ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் பள்ளிச் செலவு வெட்டப்பட்டதையும், குழந்தைகளின் கைக்குத் திரைகள் வந்துசேர்ந்ததையும் சுட்டுபவர்களும் உண்டு. எல்லாம் ஒரே காலத்தில் நடந்தவை என்பதால் இவற்றைப் பிரித்தெடுப்பது எளிதன்று; நீலும் ஷான்சென்பாக்கும் சிகாகோவில் கண்டதோ, அழுத்தம் உச்சத்தில் இருந்தபோதும் கடைசி வரிசைக்கு ஒன்றும் கிட்டவில்லை என்பது.